கண்ணை மூடினால் எழும் அலை: இஇஜி பதிவில் ஆல்ஃபாவைக் கணக்கிடுவது

இஇஜி (தலைத்தோலில் மின்முனைகள் வைத்து எடுக்கும் மூளை மின்பதிவு) தரவில் கைவைக்கிறவர்கள் முதலில் செய்து பார்க்க வேண்டியது ஆல்ஃபா சோதனை. கண்ணை மூடினால் பின்தலையில் 8–13 ஹெர்ட்ஸ் அலை, அதாவது ஆல்ஃபா, ஓங்கும், திறந்தால் அடங்கும். ஜெர்மனியின் யேனா நகரில் மருத்துவர் ஹான்ஸ் பெர்கர் 1929இல் வெளியிட்ட சங்கதி. இதுவே உங்கள் நிரலில் தெரியவில்லை என்றால், அதே நிரல் வேறு எதைக் காட்டினாலும் நம்ப வேண்டாம்.

தரவுக்கு ஃபிசியோநெட் என்ற மருத்துவத் தரவுத் தளம் போதும். அங்கே 109 பேரின் 64 சேனல் (மின்முனைக்கு ஒரு சேனல்) பதிவுகள் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒவ்வொருவருக்கும் முதல் கோப்பு சுமார் ஒரு நிமிடம் கண் திறந்து எடுத்தது, இரண்டாவது மூடி எடுத்தது. பைத்தானில் எம்என்இ (இஇஜி நிரல்தொகுப்பு), ஸைபை (அறிவியல் கணக்குத் தொகுப்பு) இரண்டும் இருந்தால் வேலை நடக்கும்.

கோப்பைத் திறந்ததும் மாதிரி வீதத்தை (விநாடிக்கு எத்தனை அளவீடு) பாருங்கள். பெரும்பாலும் 160 ஹெர்ட்ஸ், சிலருடையது 128. சேனல் பெயர்களின் வாலில் புள்ளிகள் ஒட்டிக்கொண்டிருக்கும். அதனால் பின்தலை நடுவிலுள்ள சேனலை ‘ஓஇசட்’ என்று தேடினால் அகப்படாது. சீராக்கும் கட்டளை எம்என்இயிலேயே உண்டு.

அடுத்து வடிகட்டல்: 1 முதல் 40 ஹெர்ட்ஸ் வரை. கீழ் எல்லையை 0.1 என்று வைக்க ஆசை வரும், வேண்டாம். எம்என்இயின் இயல்பு அமைப்பில் 1 ஹெர்ட்ஸுக்கு வடிகட்டியின் நீளம் 3.3 விநாடி, 0.1க்கு 33 விநாடி. ஒரு நிமிடப் பதிவில் 33 விநாடி வடிகட்டியை ஓட்டினால் இரு முனைகளிலிருந்தும் சிதைவு நடுப்பகுதி வரை பரவும்.

மின்கம்பி இரைச்சலில் ஏமாறுகிறவர்கள் அதிகம். இது அமெரிக்காவில் எடுத்த பதிவு, அங்கே மின்சாரம் 60 ஹெர்ட்ஸ். நம் ஊர்ப் பழக்கத்தில் 50இல் நாட்ச் (ஒரே அதிர்வெண்ணை மட்டும் வெட்டும் வடிகட்டி) போட்டால் இரைச்சல் அப்படியே இருக்கும். 40க்கு மேல் வெட்டிவிட்டால் நாட்ச்சே தேவையில்லை. ஆனால் வடிகட்டாமல், ‘80 ஹெர்ட்ஸ் போதும்’ என்று ஒன்றுவிட்டு ஒரு மாதிரியை எடுத்தீர்களானால், அந்த 60 மடங்கி 20 ஹெர்ட்ஸில் வந்து உட்காரும் (80−60). பார்த்தால் அழகான பீட்டா அலை (ஆல்ஃபாவைவிட வேகமான மூளை அலை) மாதிரியே இருக்கும்! அதற்குப் பிறகு எந்த வடிகட்டியாலும் அதைத் தனியே பிரிக்க முடியாது.

64 சேனல்களின் சராசரியை ரெஃபரன்ஸாக (ஒவ்வொரு சேனலிலிருந்தும் கழிக்கும் அடிப்படையாக) வைக்கலாம். அதற்கு முன் கெட்ட சேனல்களை நீக்கிவிடுங்கள். ஒன்று பழுதாக இருந்தாலும் சராசரி வழியாக அதன் குப்பை எல்லாவற்றிலும் ஏறும். கண்சிமிட்டலுக்காக ஐசிஏ (கலந்த சமிக்ஞைகளைத் தனித்தனியாகப் பிரிக்கும் முறை) ஓட்டுவது இந்தச் சோதனைக்கு வீண்வேலை. சிமிட்டல் பெரிதாகத் தெரிவது நெற்றிச் சேனல்களில், அதுவும் 4 ஹெர்ட்ஸுக்குக் கீழேதான். ஓஇசட்டில் ±100 மைக்ரோவோல்ட்டைத் தாண்டும் துண்டுகளைக் கழித்தால் போதும்.

இனி நிறமாலை, அதாவது எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு ஆற்றல் என்ற வரைபடம். முழு நிமிடத்துக்கும் ஒரே ஃபூரியர் உருமாற்றம் போட்டால் வரைபடம் புல்தரை மாதிரி முள்முள்ளாக நிற்கும், உச்சி எது என்று சொல்ல முடியாது. பதிவைத் துண்டுகளாக வெட்டி நிறமாலைகளின் சராசரி எடுக்கும் வெல்ச் முறையில் 4 விநாடித் துண்டுகள், ஹான் சாளரம் (துண்டின் ஓரங்களைத் தணிப்பது), பாதி மேற்படிவு என்று வையுங்கள். 160 ஹெர்ட்ஸில் துண்டுக்கு 640 மாதிரிகள், மொத்தம் 29 துண்டுகளின் சராசரி, 0.25 ஹெர்ட்ஸ் நுணுக்கம். ஸைபையின் வெல்ச் தானாக 256 மாதிரிதான் எடுக்கும், எனவே எண்ணை நீங்களே கொடுக்க வேண்டும். எம்என்இ எல்லாவற்றையும் வோல்ட்டில் வைத்திருப்பதால் விடை மிகச் சிறிய எண்ணாக வரும். ஒன்றுக்குப் பின் 12 சுழி போட்டுப் பெருக்கினால் மைக்ரோவோல்ட் வர்க்கம்/ஹெர்ட்ஸ் கிடைக்கும்.

இரண்டு கோப்புகளின் கோட்டையும் ஒரே படத்தில், மடக்கை அளவில் வரையுங்கள். மூடிய கண்ணின் கோடு 10 ஹெர்ட்ஸை ஒட்டிக் குன்றாக எழ வேண்டும். திறந்த கண்ணில் அது தாழ வேண்டும். உச்சந்தலையின் இரு பக்கமுள்ள சி3, சி4 சேனல்களிலும் அதே அதிர்வெண்ணில் ஒரு மேடு தெரியலாம். அது மியூ அலையாக (அசைவைக் கவனிக்கும் மூளைப்பகுதியின் அலை) இருக்கக்கூடும். அது கையசைவுக்கு அடங்கும், கண்ணுக்கு அல்ல. காதோரமுள்ள டி7, டி8 சேனல்களில் 20 ஹெர்ட்ஸுக்கு மேல் கோடு தட்டையாகத் தூக்கி நின்றால் அது தாடைத் தசை.

ஓஇசட்டில் குன்றே இல்லையா? கோப்புகளை மாற்றித் திறந்தீர்களா, சேனல் வரிசை பிசகியதா என்று பார்த்துவிட்டு, வேறு நான்கைந்து பேரின் பதிவை ஓட்டுங்கள். சிலருக்கு ஆல்ஃபா இயல்பிலேயே மங்கல்.