சோற்றைக் குறைத்து நடக்கத் தொடங்கியவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் எடையைக் குறைக்க முனைபவர்கள் பலர் முதலில் செய்வது, சோற்றை நிறுத்திவிட்டுக் கேழ்வரகுக்கு மாறுவதுதான். மாவுச்சத்தைக் குறைத்துவிட்டோம் என்ற நம்பிக்கையில் விடியற்காலை நடைப்பயிற்சியும் தொடங்கிவிடும். ஆனால் மாதம் ஒன்று கடந்தும் எடை அசைவதில்லை. காரணம் களிச்சட்டியிலேயே இருக்கிறது. 100 கிராம் அரிசியில் ஏறத்தாழ 78 கிராம் மாவுச்சத்து என்றால், அதே அளவு கேழ்வரகு மாவில் ஏறத்தாழ 70 கிராம் உண்டு. சாமையும் அதைவிடப் பெரிதாகக் குறைந்ததன்று.

நாளொன்றுக்கு 130 கிராமுக்குக் குறைவாக மாவுச்சத்து உண்பதையே பொதுவாகக் குறைந்த மாவுச்சத்து உணவு என்கிறார்கள். நொய்யரிசியை வேகவைத்து, அதில் மாவைக் கொட்டி, கட்டியில்லாமல் துடுப்பால் கிளறி உருட்டும் நம் பக்கத்துக் களியில், உள்ளங்கை கொள்ளாத ஓர் உருண்டைக்கு 100 கிராம் மாவு எளிதில் போய்விடும். மதியம் ஒன்று, இரவு ஒன்று என்று உண்டாலே அன்றைய அளவு தாண்டிவிடுகிறது. காலையில் குடித்த கூழும், இரண்டு கரண்டி சர்க்கரை வீதம் நான்கு தேநீரில் கரைந்த 40 கிராமும் அதற்கு மேல். இதனால் கேழ்வரகு தள்ளத்தக்கது என்று பொருளில்லை. அதன் நார்ச்சத்தும் சுண்ணாம்புச்சத்தும் வெள்ளை அரிசியில் கிடைக்காதவை. உருண்டையைப் பாதியாக்கி, கீரைக் கடைசலையும் அவரைக்காய்ப் பொரியலையும் இருமடங்காக்குவதே முறை.

அடுத்த தவறு, குறைத்த இடத்தில் எதையும் வைக்காமல் விடுவது. உணவும் குறைந்து, உடலுழைப்பும் கூடும்போது புரதம் போதவில்லையென்றால், கொழுப்போடு தசையும் கரைகிறது. எடைக்கருவி இவ்விரண்டையும் பிரித்துக் காட்டாது. சாதாரணமாக ஒரு கிலோ உடல் எடைக்கு 0.83 கிராம் புரதம் போதும். எடையைக் குறைத்துக்கொண்டே உடற்பயிற்சி செய்பவருக்கு 1 முதல் 1.2 கிராம் வரை தேவைப்படும். 70 கிலோ எடையுள்ளவருக்கு அது 70 முதல் 84 கிராம், ஒரு முட்டையில் கிடைப்பதோ 6 கிராம்தான். ‘கொழுத்தவனுக்குக் கொள்ளு’ என்பதை நம்பிக் கொள்ளு ரசத்தை மட்டும் குடிப்பவர்கள், புரதத்தின் பெரும்பகுதியை வடிகட்டிய பருப்பிலேயே விட்டுவிடுகிறார்கள். கடைந்து உண்டால்தான் அது வந்து சேரும். கொள்ளிலும் பாதிக்கு மேல் மாவுச்சத்தே என்பதால் அதையும் களியோடு சேர்த்தே எண்ண வேண்டும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டக் கூடாது.

மாவுச்சத்து குறைந்தால் எண்ணெயும் கடலையும் எவ்வளவு வேண்டுமானாலும் உண்ணலாம் என்று எண்ணுவதும் சரியன்று. முக்கால் மணி நேர நடையில் செலவாவது தோராயமாக 200 கலோரி. நன்றாக அள்ளிய ஒரு கைப்பிடி வறுகடலை அதைத் திருப்பித் தந்துவிடும்.

உடற்பயிற்சியில் நடையோடு நின்றுவிடுகிறோம். வாரத்துக்கு 150 நிமிட மிதமான உழைப்போடு, இரண்டு நாளாவது தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சியும் வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. அதற்கு ஜிம் தேவையில்லை. நாற்காலியில் உட்கார்ந்து எழுவதும், சுவரில் கைவைத்துத் தண்டால் எடுப்பதும் தொடக்கத்துக்குப் போதும். எனினும் உணவை மாற்றிய அதே வாரத்தில் ஓட்டத்தையும் பளு தூக்குவதையும் தொடங்குவது வேண்டாத வேலை. மாவுச்சத்துக்குப் பதில் கொழுப்பு என்ற புதிய எரிபொருளுக்கு உடல் பழக இரண்டு மூன்று வாரங்கள் ஆகும். அதுவரை கால் கனக்கும், மூச்சு சீக்கிரம் வாங்கும்.

முதல் வாரத்தில் இரண்டு கிலோ இறங்கியதும் கொண்டாடுபவர்கள் ஒன்றை அறிய வேண்டும். உடல் மாவுச்சத்தைத் தசையிலும் ஈரலிலும் கிளைக்கோஜன் என்ற வடிவில் சேமிக்கிறது. அதில் ஒவ்வொரு கிராமும் ஏறத்தாழ மூன்று கிராம் நீரைப் பிடித்து வைத்திருக்கிறது; மாவுச்சத்து குறைந்ததும் அந்த நீரே முதலில் வெளியேறுகிறது. ஒரு கல்யாணப் பந்தியில் உட்கார்ந்து எழுந்தால் அதில் பெரும்பகுதி திரும்பிவிடுவதும் இதனால்தான். நாள்தோறும் கருவியில் ஏறாமல், வாரம் ஒருமுறை எடையோடு இடுப்புச் சுற்றளவையும் அளப்பதே நம்பத்தக்கது.

நீரோடு உப்பும் போகிறது. சித்திரை, வைகாசி வெயிலில் நடப்பவருக்குத் தலைசுற்றலும் கெண்டைக்கால் பிடிப்பும் வருவதற்கு இதுவும் ஒரு காரணம். ரத்த அழுத்தம் இல்லாதவர்கள் நீர்மோரில் உப்பிட்டுக் குடிக்கலாம், மாத்திரை உட்கொள்பவர்கள் கேட்டுச் செய்ய வேண்டும். இம்மாவட்டங்களில் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுந்த ஊர்கள் பல உண்டு, அதற்காகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. கூடுதலாகக் குடிக்கும் தண்ணீர் ஆழ்துளைக் கிணற்று நீராக இல்லாமல் அந்தக் குழாய் நீராக இருப்பது நல்லது.

இவற்றில் எதுவும் உயிருக்கு ஆபத்தானதன்று. மருந்து விஷயம் அப்படியல்ல. சர்க்கரை நோய்க்குக் கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரைகளோ இன்சுலினோ எடுத்துக்கொள்பவர், பழைய அளவிலேயே மருந்தை வைத்துக்கொண்டு உணவைப் பாதியாக்கி நடக்கவும் போனால், வழியிலேயே சர்க்கரை இறங்கிவிடக்கூடும். அதே நோய்க்கு டபாக்ளிஃப்ளோசின், எம்பாக்ளிஃப்ளோசின் எடுப்பவர்களுக்குச் சிக்கல் வேறு: சர்க்கரை அளவு பெரிதாக ஏறாமலேயே, கொழுப்பு எரிவதில் உண்டாகும் கீட்டோன் அமிலம் ரத்தத்தில் மிகுந்து, வாந்தியும் வயிற்றுவலியும் மூச்சிரைப்பும் வரலாம்; வந்தால் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். இம்மருந்துகளில் எதை உட்கொண்டாலும், உணவை மாற்றுவதற்கு முன்பே மருத்துவரிடம் சொல்லி அளவைத் திருத்திக்கொள்ள வேண்டும். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் இம்முறையைத் தாங்களாகத் தொடங்கக் கூடாது.

சர்க்கரை இறங்கிக் கை நடுங்கி வியர்க்கும் நேரத்திலும், “விட்ட சர்க்கரையை மறுபடி தொடுவதா?” என்று தயங்குபவர்கள் இருக்கிறார்கள். அப்போது மூன்று தேக்கரண்டி, அதாவது 15 கிராம் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டு உட்கார்ந்துகொள்ள வேண்டும். 15 நிமிடம் கழித்தும் தெளியாவிட்டால் அதே அளவு மறுபடியும் குடிக்க வேண்டும். இத்தகைய மருந்து எடுப்பவர்கள் நடக்கக் கிளம்பும்போதே ஒரு சிறு பொட்டலம் சர்க்கரையைச் சட்டைப் பையிலோ முந்தானையிலோ முடிந்துகொண்டு போவது நல்லது.