விளையாட்டு மன்றப் பொறுப்பை ஏற்கும் முன்

பாளையங்கோட்டை வட்டாரத்தில் இறகுப்பந்து, கைப்பந்து மன்றங்களின் செயலாளர், பொருளாளர் பொறுப்புகளுக்கு இளையவர்கள் முன்வர வேண்டும் என்பது என் விருப்பம். பெயர் கொடுக்கும் முன்பு, மன்றத்தின் துணைவிதிகளையும், கடைசிப் பொதுக்குழுவின் தீர்மானப் புத்தகத்தையும், தணிக்கை செய்யப்பட்ட வரவு செலவுக் கணக்கையும் கேட்டு வாங்கிப் படியுங்கள். பொருளாளராக விரும்புவோர், காசோலையில் கையெழுத்திடும் அதிகாரம் யார் யாரிடம் இருக்கிறது என்பதையும் தெளிவுபடுத்திக்கொள்வது மிக அவசியம்.

மன்றம் 1975-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்கீழ் பதிவானது எனில், செயற்குழுவில் குறைந்தது 3 பேர் இருக்க வேண்டும். பதவிக்காலம் 3 ஆண்டுகளைத் தாண்டக்கூடாது, ஆனால் மீண்டும் தேர்வாகலாம்.

நேரம் குறைவாக உள்ளவர்கள் உடனே பதவிக்கு நிற்காமல், வடகிழக்குப் பருவமழை ஓய்ந்தபின் நடக்கும் மைதானச் சீரமைப்பையோ, ஒரு போட்டியின் ஏற்பாட்டையோ மட்டும் முதலில் கேட்டுப் பெறலாம்.