கேக், மஃபின் கொஞ்சமாகச் செய்யும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வீட்டில் இருப்பது மூன்று பேர், ஒரு கிலோ கேக் செய்தால் யார் சாப்பிடுவது என்று ரெசிப்பியைப் பாதியாக்கிச் செய்கிறவர்கள் நிறைய. நல்ல வழக்கம்தான். ஆனால் பெரிய கேக்கில் தெரியாமல் போகிற சின்னச் சின்னப் பிசகுகள் எல்லாம் சின்ன கேக்கில் தெரிந்துவிடும். கால் டீஸ்பூன் சமையல் சோடா கூடிப்போனால் பெரிய கேக் ஓரளவு தாங்கிக்கொள்ளும். நூறு கிராம் மைதாவில் செய்ததோ சோப்பு வாடை அடிக்கும், வாயில் வைக்க முடியாது.

முதலில் டின். ரெசிப்பியைப் பாதியாக்கிவிட்டு அதே 8 அங்குல டின்னில் ஊற்றுகிறார்கள், கலவை அடியில் மெல்லிசாகப் பரவி, நடு வேகும்போதே ஓரம் காய்ந்து பிஸ்கட் ஆகிவிடுகிறது. 8 அங்குல வட்ட டின்னின் பரப்பு சுமார் 50 சதுர அங்குலம், 6 அங்குலத்துக்கு 28 தான். அதாவது முக்கால்வாசி இல்லை, பாதிக்குக் கொஞ்சம் மேல். ஆகவே 8 அங்குல ரெசிப்பியில் பாதி செய்தால் 6 அங்குல டின் எடுங்கள். அந்த டின் இல்லையென்றால் மஃபின் கப்பில் ஊற்றலாம், 125 கிராம் மைதாவுக்கு ஏறக்குறைய ஆறு மஃபின் வரும். கப்பில் முக்கால் பாகத்துக்கு மேல் நிரப்பக் கூடாது.

மூன்று முட்டையில் பாதி எவ்வளவு? ஒன்றாகவோ இரண்டாகவோ சரிக்கட்டிவிட வேண்டாம். இரண்டாவது முட்டையை உடைத்து நன்றாக அடித்து, எடை பார்த்து, பாதியை ஊற்றுங்கள், மீதி காலை ஆம்லெட்டுக்கு ஆகும். மைதாவும் அப்படித்தான். கப்பை மாவில் அமுக்கி எடுத்தால் 150 கிராம், ஸ்பூனால் தளர்வாக நிரப்பினால் 120 கிராம், இரண்டும் ஒரு கப் என்றுதான் சொல்லிக்கொள்கிறோம். டிஜிட்டல் தராசு ஒன்று வாங்கிவிட்டால் கேக் ஏன் கல்லாகிறது என்ற கேள்வி பாதிக்கு மேல் தீர்ந்துவிடும். பேக்கிங் பவுடர், சோடாவை மட்டும் தராசில் போடாதீர்கள், ஒன்றிரண்டு கிராமைச் சமையலறைத் தராசு சரியாகக் காட்டாது. அளவு ஸ்பூனில் எடுத்துக் கத்தியின் முதுகால் வழித்துவிட்டால் போதும். ஒன்று இல்லையென்று இன்னொன்றை அதே அளவில் போடவும் கூடாது. பவுடரைவிடச் சோடாவுக்கு மூன்று நான்கு மடங்கு வேகம், அது வேலை செய்யத் தயிர், எலுமிச்சை, வினிகர் மாதிரி ஏதாவது ஒரு புளிப்பும் வேண்டும்.

அப்புறம் வெண்ணெய். 'ரூம் டெம்பரேச்சர்' என்று எழுதுகிற பல ரெசிப்பிகள் குளிர் நாட்டுச் சமையலறையில், கிட்டத்தட்ட 20 டிகிரியில் எழுதப்பட்டவை. மே மாதம் மதுரையில் ஒரு மணி நேரம் வெளியே வைத்தால் அது எண்ணெயாகத்தான் இருக்கும், உருகிய வெண்ணெயில் சர்க்கரையை எவ்வளவு அடித்தாலும் காற்று நிற்காது. நமக்கு வேண்டியதே ஐம்பது அறுபது கிராம், சின்னத் துண்டாக நறுக்கி வைத்தால் வெயில் காலத்தில் பத்து நிமிடம் போதும். விரலால் அழுத்தினால் பள்ளம் விழ வேண்டும், ஆனால் விரலில் எண்ணெய்ப் பளபளப்பு ஒட்டக் கூடாது. தளர்ந்துவிட்டால் கிண்ணத்தோடு ஐந்து நிமிடம் ஃப்ரிட்ஜில் வைத்து எடுத்து அடியுங்கள். முட்டை மட்டும் ஜில்லென்று இருக்கக் கூடாது, ஊற்றியதும் கலவை திரிந்துவிடும்.

மைதா சேர்த்த பிறகு மிக்ஸியில் ஓட்டுவதை தயவுசெய்து விட்டுவிடுங்கள். கொஞ்சம் கலவை என்றால் சில நொடியிலேயே அளவு மீறி அரைபட்டு, பசைத்தன்மை கூடி, கேக் ரப்பராகும். கை விஸ்க்கும் கரண்டியும் போதும். மஃபினுக்கு அதைவிடக் குறைவாகக் கலக்க வேண்டும், உலர்ந்த மாவு கண்ணுக்குத் தெரியாமல் போனதும் நிறுத்திவிடுங்கள். அங்கங்கே கட்டி இருந்தாலும் சரி, வேகும்போது கரைந்துவிடும்.

சின்ன ஓடிஜியில் (மேசைமேல் வைக்கும் மின்சார ஓவன்) மேலே சூடாகும் கம்பி டின்னுக்கு மிக அருகில் இருப்பதால் உள்ளே வேகும் முன்பே மேலே கருகுகிறது. கீழ்த் தட்டில் வையுங்கள், மேல்புறம் சிவந்ததும் ஃபாயில் பேப்பரைத் தளர்வாக மூடுங்கள். அளவு பாதியென்றால் நேரமும் பாதி என்று கணக்குப் போட வேண்டாம். 180 டிகிரியில் 35 நிமிடம் என்று இருந்தால் 22ஆவது நிமிடத்திலிருந்து குச்சி குத்திப் பாருங்கள், அதற்கு முன் கதவைத் திறந்தால் நடு அமுங்கிவிடும். ஓவன் இல்லாமல் குக்கரில் செய்கிறவர்கள் கேஸ்கெட்டையும் வெயிட்டையும் கட்டாயம் கழற்றிவிட வேண்டும். நான் சொல்வேன், குக்கரே வேண்டாம், கனமான பழைய சட்டியில் ஸ்டாண்டு வைத்து, தட்டு போட்டு மூடிச் செய்யுங்கள்.

இனிப்பு வேண்டாமென்று சர்க்கரையைப் பாதியாகக் குறைத்துவிட்டு கேக் வறண்டுபோனது என்று வருத்தப்படுபவர்கள் உண்டு. கேக்கில் ஈரத்தைப் பிடித்து வைப்பதும் சர்க்கரைதான், ஐந்தில் ஒரு பங்கு வரை குறைத்துப் பாருங்கள், அதற்கு மேல் வேண்டாம். வெந்த கேக்கை டின்னிலேயே பத்து நிமிடம் விட்டுக் கம்பித் தட்டுக்கு மாற்றுங்கள். சூடு முழுக்க ஆறாமல் டப்பாவில் போட்டு மூடினால் மேல்புறம் பிசுபிசுத்துவிடும், நம் ஊர் வெக்கைக்குச் சீக்கிரம் பூசணமும் பிடிக்கும்.