ஸ்பெக் ஷீட்டில் ரேஸ் விதியைப் படிப்பது எப்படி? அப்பாச்சி ஆர்ஆர் 310 முதல் டுகாட்டி வி4 ஆர் வரை

ஓசூரில் டிவிஎஸ் ஆலை இருக்கிறது. அதனால் கிருஷ்ணகிரி, தர்மபுரி பக்கம் டீக்கடை பெஞ்சிலேயே போர் (சிலிண்டரின் உள் விட்டம்), ஸ்ட்ரோக் (பிஸ்டன் மேலும் கீழும் நகரும் தூரம்), டார்க் (எஞ்சினின் திருப்பு விசை) பற்றிப் பேச ஆள் கிடைக்கும். ஆனால் ஒரு சூப்பர்பைக்கின் ஸ்பெக் ஷீட்டைக் கையில் கொடுத்தால் சில எண்கள் இடிக்கும். 1103 சிசி வண்டி விற்கும் கம்பெனி, அதைவிட விலை கூடிய வண்டியை ஏன் 998 சிசியில் செய்கிறது? ரேஸ் விதி தெரிந்தால் விடை எளிது. ஒரு கால்குலேட்டர், இரண்டு ஸ்பெக் ஷீட் போதும்.

படி 1: எதைத் தொடக் கூடாது என்று பாருங்கள்

வேர்ல்டு சூப்பர்பைக் போட்டியில் ஓடும் வண்டி, கடையில் விற்கும் வண்டியிலிருந்து வர வேண்டும். எஃப்ஐஎம் (சர்வதேச மோட்டார்சைக்கிள் கூட்டமைப்பு) அந்த மாடலைச் சோதித்து ஒப்புதல் தரும். இதற்குப் பெயர் ஹோமோலோகேஷன். குறைந்தது 500 வண்டிகள் தயாரிக்க வேண்டும், விலைக்கும் உச்சவரம்பு உண்டு.

ரேஸுக்குத் தயார் செய்யும்போது ஃபோர்க், பின் ஷாக், பிரேக், சைலன்சர் ஆகியவற்றை மாற்றிக்கொள்ளலாம். சிசி, போர், ஸ்ட்ரோக், ஃபேரிங் (வெளி உறை) வடிவம், இறக்கைகள் எல்லாம் ஒப்புதல் பெற்றபடியே இருக்க வேண்டும். கிராங்க், பிஸ்டன், இரண்டையும் இணைக்கும் கனெக்டிங் ராட் விஷயத்திலும் விதி கறார். ஆகவே கம்பெனி பணத்தை எங்கே கொட்டும்? பிறகு மாற்ற முடியாத இடத்தில்தான். ஹோண்டா சிபிஆர்1000ஆர்ஆர்-ஆர் வண்டியில் டைட்டானியம் கனெக்டிங் ராட் இருப்பதற்கும், பிஎம்டபிள்யூ எம்1000ஆர்ஆர் முகத்தில் இறக்கை முளைத்ததற்கும் காரணம் இதுவே. பளபளக்கும் ஃபோர்க்கைப் பார்த்து "ரேஸ் வண்டி" என்று முடிவுகட்ட வேண்டாம். எஞ்சின் உள்ளே என்ன போட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள்.

படி 2: சிசி கணக்கு

போர் × போர் × ஸ்ட்ரோக் × 0.7854 × சிலிண்டர் எண்ணிக்கை ÷ 1000. அளவுகள் மி.மீ.யில்.

அப்பாச்சி ஆர்ஆர் 310: 80 × 80 × 62.1 × 0.7854 ÷ 1000 = 312 சிசி.
டுகாட்டி பானிகாலே வி4: போர் 81, ஸ்ட்ரோக் 53.5, நான்கு சிலிண்டர். 1103 சிசி.
பானிகாலே வி4 ஆர்: போர் அதே 81, ஸ்ட்ரோக் 48.4. 998 சிசி.

நான்கு சிலிண்டர் வண்டிக்கு விதி 1000 சிசியோடு நிறுத்துகிறது. டுகாட்டி போரை அப்படியே விட்டு, ஸ்ட்ரோக்கில் 5.1 மி.மீ. குறைத்தது. இதில் பலரும் செய்யும் தவறு, போரை இரண்டால் வகுத்து ஆரமாக்கிவிட்டு 0.7854ஐயும் போடுவது. விடை கால்வாசியாகிவிடும்.

படி 3: பிஸ்டன் வேகம்

ஏன் ஸ்ட்ரோக்கில் கை வைத்தார்கள் என்பது இந்தக் கணக்கில் தெரியும். ஸ்ட்ரோக் × ஆர்பிஎம் (எஞ்சின் நிமிடத்துக்குச் சுற்றும் எண்ணிக்கை) ÷ 30,000 = சராசரி பிஸ்டன் வேகம், நொடிக்கு இத்தனை மீட்டர். உச்ச பவர் வரும் ஆர்பிஎம்மில் போட்டுப் பார்ப்போம்.

ஸ்ப்ளெண்டர்: 49.5 × 8,000 ÷ 30,000 = 13.2
ஆர்ஆர் 310 (2024 மாடல்): 62.1 × 9,800 ÷ 30,000 = 20.3
வி4 ஆர் (2019): 48.4 × 15,250 ÷ 30,000 = 24.6

ஸ்ப்ளெண்டரின் ஸ்ட்ரோக், வி4 ஆர் ஸ்ட்ரோக்கைவிட ஒரு மில்லிமீட்டர்தான் கூட! வித்தியாசமெல்லாம் போரில்: 50க்கு 81. அகலமான போரில் பெரிய வால்வு பொருந்தும், குட்டையான ஸ்ட்ரோக்கில் ஆர்பிஎம் ஏறும். சிசியைப் பூட்டிவிட்டால் பவருக்கு மிஞ்சும் பெரிய வழி ஆர்பிஎம்தான். வி4 ஆர் ஆறாவது கியரில் 16,500 வரை போகும், அப்போது பிஸ்டன் வேகம் 26.6. பழைய 53.5 ஸ்ட்ரோக்கோடு அங்கே போனால் 29.4 வரும். ராடும் பிஸ்டனும் அந்தச் சுமையைத் தாங்குவது கடினம்.

ஒரு வண்டிக்கு ரெட்லைன் (எஞ்சின் போகலாம் என்ற உச்ச ஆர்பிஎம்), இன்னொன்றுக்கு உச்ச பவர் ஆர்பிஎம் என்று கலந்து ஒப்பிட்டால் கணக்கு பொய் சொல்லும்.

படி 4: ரெட்லைன் விதி

2018இல் வந்த விதி இது. ரோடு வண்டியின் உச்ச பவர் ஆர்பிஎம்மோடு 1,100 கூட்டுங்கள். ரோடு வண்டியின் லிமிட்டரில் (எஞ்சினை அதற்கு மேல் சுற்றவிடாமல் தடுக்கும் ஆர்பிஎம்) 3% கூட்டுங்கள். எது குறைவோ அதுதான் ரேஸில் வரம்பு.

வி4 ஆர்: 15,250 + 1,100 = 16,350. மற்ற கியர்களில் லிமிட்டர் 16,000, அதில் 3% கூட்டினால் 16,480. குறைவானது 16,350. டுகாட்டி 2019 சீசனைத் தொடங்கியதும் சரியாக இந்த எண்ணில்தான். டுகாட்டி வீரர் ஆல்வாரோ பாட்டிஸ்டா வரிசையாக வென்றதும் அமைப்பாளர்கள் வரம்பில் 250 ஆர்பிஎம்மைப் பிடுங்கிக்கொண்டார்கள், அது வேறு கதை.

ஆக, ரோடு வண்டியின் ரெட்லைனை ஏற்றினால்தான் ரேஸ் வண்டியின் ரெட்லைன் ஏறும். 2021இல் கவாஸாகி இலகுவான பிஸ்டனோடு புது இசட்எக்ஸ்-10ஆர்ஆர் கொண்டுவந்தது இந்த எண்ணத்தில்தான். இது புது எஞ்சின் அல்ல என்று அமைப்பாளர்கள் சொல்லிவிட்டதால் வரம்பு பழைய 14,600லேயே நின்றது. 2025 முதல் வண்டிகளைச் சமன்செய்ய எரிபொருள் ஓட்டத்துக்கு வரம்பு வைக்கிறார்கள். அடுத்த தலைமுறை எஞ்சின்களில் இதன் தடம் தெரியும்.

படி 5: மாடல் வருடத்தை விதி மாறிய வருடத்தோடு பொருத்துங்கள்

1988இல் போட்டி தொடங்கியபோது நான்கு சிலிண்டருக்கு 750 சிசி, இரட்டை சிலிண்டருக்கு 1000 சிசி. டுகாட்டிக்கு அது தோதாக அமைந்தது. வி4க்குப் பெயர்போன ஹோண்டாவே 2000இல் இரட்டை சிலிண்டர் விடிஆர்1000 எஸ்பி-1 செய்து பட்டம் வென்றது. 2003இல் நான்கு சிலிண்டருக்கும் 1000 சிசி திறந்தார்கள். அடுத்த வருடமே 954 சிசி ஹோண்டா போய் சிபிஆர்1000ஆர்ஆர் வந்தது.

படி 6: நம்ம ரோட்டில் என்ன ஆகும்?

வாங்கும் எண்ணம் இருப்பவர்கள் டார்க் வரியைப் படியுங்கள். வி4 (2018): 10,000 ஆர்பிஎம்மில் 124 நியூட்டன் மீட்டர். வி4 ஆர் (2019): 11,500இல் 112. தொப்பூர் கணவாயில் லாரிக்குப் பின்னால் ஊர்ந்து ஏறும்போது 11,500 எங்கே வரப்போகிறது? விலை கூடிய வண்டிதான் அங்கே சோம்பலாக இருக்கும். கியரும் நெடியது (இழுவையைவிட வேகத்துக்காக அமைத்தது) என்றால் டோல்கேட் வரிசையில் கிளட்ச்சைப் பாதி பிடித்தே நகர்த்த வேண்டும், கிளட்ச் பிளேட் சூடாகித் தேயும். சிபிஆர்1000ஆர்ஆர்-ஆர் வண்டிக்கு 2022இல் ஹோண்டாவே பின் ஸ்ப்ராக்கெட்டை 40 பல்லிலிருந்து 43 ஆக்கியது. பின்னால் பல் கூடினால் இழுவை கூடும், டாப் ஸ்பீட் குறையும். நீங்களும் அப்படி மாற்றுவதாக இருந்தால் பழைய செயின் நீளம் போதுமா என்று முதலில் பாருங்கள். போதாவிட்டால் பின்சக்கரம் முன்னே தள்ளி நிற்கும், வீல்பேஸ் குறைந்து முன்சக்கரம் எளிதில் தூக்கும்.