பழைய டியூப் ஆம்பின் தொனியை மாற்ற ஒரே ஒரு கெப்பாசிட்டர்

டியூப் (வெற்றிடக் குழாய்) வைத்த பழைய கிட்டார் ஆம்ப் ஒன்று கைக்கு வந்திருக்கிறது, நன்றாகத்தான் பாடுகிறது, ஆனால் சத்தத்தைக் கூட்டினால் பேஸ் மட்டும் கொழகொழவென்று ஆகிவிடுகிறது என்றால் ஆம்பையே பிரித்து மேய வேண்டாம், ஒரு பாகத்தை மாற்றினால் போதும். முதல் தடவை நான் ஒரே ராத்திரியில் ஐந்து பாகங்களை மாற்றினேன். ஆம்ப் தகர டப்பா மாதிரி கத்தியது. எதனால் என்று கண்டுபிடிக்க முடியாமல் ஐந்தையும் கழற்றி, பழையதையே திரும்ப வைத்தேன்.

திறக்காமலே செய்யக்கூடியது ஒன்று உண்டு. முதல் பிரீஆம்ப் டியூப், அதாவது கிட்டார் சிக்னலை முதலில் பெருக்கும் குழாய், 12ஏஎக்ஸ்7 என்றால் அதன் பெருக்கக் காரணி 100. அதே சாக்கெட்டில் 12ஏடி7 உட்காரும், அதற்கு 60தான். ஆம்பை அணைத்து, டியூப் ஆறியதும் நேராக மேலே இழுத்து மாற்றுங்கள். கெயின் (பெருக்கம்) குறையும், சத்தத்தை இன்னும் கூட்டிய பிறகுதான் ஒலி உடைந்து கரகரக்கும். இதுவே போதும் என்றால் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

சரி, திறக்கத்தான் வேண்டுமா? உள்ளே 300 முதல் 450 வோல்ட் வரை இருக்கும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் ஃபில்டர் கெப்பாசிட்டர்களில் (மின்சாரத்தைச் சீராக்கும் பெரிய கெப்பாசிட்டர்கள்) தங்கியிருக்கும், ஆளையே கொல்லும். 100 கிலோஓம், 3 வாட் ரெசிஸ்டரின் ஒரு முனையை முதலைக் கிளிப்பால் சேசிஸில் (ஆம்பின் உலோகச் சட்டம்) மாட்டுங்கள். இன்சுலேஷன் உள்ள கிளிப்பால் மறுமுனையை ஃபில்டர் கெப்பாசிட்டரின் பாசிட்டிவில், ஒரு கையால் மட்டும், மாட்டி ஒரு நிமிடம் விடுங்கள். அப்புறம் மல்டிமீட்டரில் அளங்கள். ஒவ்வொரு ஃபில்டர் கெப்பாசிட்டரையும் அளந்து, எல்லாம் ஓரிரு வோல்ட்டுக்குக் கீழே வந்தால்தான் கை வைக்கலாம். இறக்கிய பிறகும் வோல்டேஜ் கொஞ்சம் மீண்டு வரும், அதனால் வேலை முடியும்வரை கிளிப் அங்கேயே இருக்கட்டும். பவர் டிரான்ஸ்ஃபார்மரே இல்லாத சின்ன ஆம்ப்கள் உண்டு, அவற்றில் சேசிஸே மெயின்ஸோடு சேர்ந்திருக்கலாம். அதைத் தொடாதீர்கள், தெரிந்தவரிடம் கொடுங்கள்.

இனி அந்த முதல் டியூபின் சாக்கெட்டை அடிப்பக்கமிருந்து பாருங்கள். பின்களுக்கு நடுவே உள்ள பெரிய இடைவெளியில் தொடங்கி கடிகாரச் சுற்றில் எண்ணினால் 3, 8 இரண்டும் கேத்தோடு (எலக்ட்ரான்களை விடும் முனை). கிட்டார் ஜாக்கிலிருந்து வயர் எந்த கிரிட்டுக்கு (சிக்னல் நுழையும் முனை), அதாவது 2க்கா 7க்கா, போகிறது என்று பார்த்தால் முதல் ஸ்டேஜ் (பெருக்கும் படி) எது என்று தெரிந்துவிடும்: 2 என்றால் கேத்தோடு 3, 7 என்றால் 8. அங்கிருந்து கிரவுண்டுக்கு ஒரு ரெசிஸ்டர் போகும், பெரும்பாலும் 1.5 கிலோஓம். அதோடு இணையாக நிற்பதுதான் நம் ஆள், கேத்தோடு பைபாஸ் கெப்பாசிட்டர்.

ஃபெண்டர் ஆம்ப்களில் வழக்கமாக இது 25 மைக்ரோஃபாரட், அதாவது 4 ஹெர்ட்ஸிலிருந்தே எல்லா சுருதியையும் தூக்கிவிடும். மார்ஷலின் சூப்பர் லீட் என்ற ஆம்பின் பிரைட் சானலில் 0.68தான். அதே 0.68ஐ 1.5 கிலோஓமோடு வைத்தால் தூக்கல் ஏறக்குறைய 156 ஹெர்ட்ஸில்தான் தொடங்கும். கிட்டாரின் தடித்த ஆறாவது கம்பி 82 ஹெர்ட்ஸ், ஆகவே அந்தக் கொழகொழப்பு அங்கேயே அடங்கிவிடுகிறது. கெப்பாசிட்டரே இல்லையென்றால் அந்த ஸ்டேஜின் கெயின் ஏறக்குறைய பாதியாகிவிடும், சிலருக்கு அதுவும் பிடிக்கிறது.

பழையதன் ஒரு காலை மட்டும் ஈயத்தை உருக்கி விடுவித்துவிட்டு, 0.68 ஃபிலிம் கெப்பாசிட்டரை ரெசிஸ்டரின் இரு முனைகளிலும் பற்றவையுங்கள். இதற்கு துருவம் கிடையாது, எலக்ட்ரோலைட்டிக் போட்டால் பாசிட்டிவ் கேத்தோடு பக்கம். கேத்தோடில் ஓரிரு வோல்ட்தான் என்பதால் 50 வோல்ட் ரகமே தாராளம். விடுவித்த பழைய காலில் ஒரு இன்சுலேஷன் ஸ்லீவ் மாட்டுங்கள், பக்கத்திலிருக்கும், அதிக வோல்டேஜ் உள்ள 1, 6 பின்களை உரசினால் வம்பு.

ரெசிஸ்டர் கிளிப்பைக் கழற்றி, மூடி, ஸ்பீக்கரை மாட்டிய பிறகே ஆன் செய்யுங்கள். ஸ்பீக்கர் இல்லாமல் ஓட்டினால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போய்விடலாம். ஒலி ரொம்ப மெலிந்துவிட்டதாகத் தோன்றினால் 1 மைக்ரோஃபாரட், அப்புறம் 2.2 என்று ஏறிப்பாருங்கள், ஒவ்வொரு தடவையும் வோல்டேஜை இறக்கி அளந்த பிறகு. என் ஆம்பில் கடைசியில் நின்றது 2.2. பழைய 25 இன்னும் ஒரு காலில் தொங்கிக்கொண்டுதான் இருக்கிறது.