தட்டைக் கண்டாலே ஓடும் குழந்தையைச் சாப்பிடப் பழக்குவது எப்படி?

"ஒரே ஒரு வாய் வாங்கிக்கோ கண்ணு" என்று தட்டோடு பின்னாலேயே ஓடும் அம்மா அப்பாக்களுக்காக எழுதுகிறேன். இரண்டு வயது முதல் பள்ளிப் பருவம் வரையுள்ள குழந்தைகளுக்கு இது பொருந்தும்.

படி 1: பசிக்க விடுங்கள்

காய்கறிக்குப் போவதற்கு முன், ஒரு நாள் முழுக்கக் குழந்தை சாப்பிடுவதையும் குடிப்பதையும் எழுதிப் பாருங்கள். காலையில் பால், பள்ளி விட்டு வந்ததும் மால்ட் பவுடர் கலந்து இன்னொரு டம்ளர், கூடவே நாலு பிஸ்கட், 6 மணிக்குச் சிப்ஸ். இதற்குப் பிறகு 7.30 மணிக்குச் சாதம் வேண்டாம் என்றால் அது அடம் இல்லை, வயிற்றில் இடமில்லை.

மூன்று வேளைச் சாப்பாடு, நடுவில் இரண்டு சிற்றுண்டி போதும். ஒவ்வொன்றுக்கும் இடையே இரண்டு மூன்று மணி நேரம் விடுங்கள். அந்த இடைவெளியில் தண்ணீர் மட்டும் கொடுங்கள். பால் ஒரு நாளைக்கு 500 மி.லி.க்கு மேல் வேண்டாம். அதற்கு மேல் போனால் பசி மந்திப்பதோடு இரும்புச்சத்தும் குறையக்கூடும். மாலையில் சுண்டல், அவித்த சர்க்கரைவள்ளி, கொய்யா என்று மாற்றுங்கள். சின்னக் குழந்தைக்கு வேர்க்கடலையை முழுசாகத் தராதீர்கள், தொண்டையில் சிக்கும். பொடித்துக் கொடுங்கள்.

படி 2: பேரம் பேசாதீர்கள்

என்ன சமைப்பது, எப்போது, எங்கே உட்கார்ந்து சாப்பிடுவது என்பதெல்லாம் பெரியவர்கள் பாடு. எவ்வளவு சாப்பிடுவது என்பதைக் குழந்தையிடம் விட்டுவிடுங்கள். "கீரையை முடிச்சா சாக்லேட்" என்று சொன்ன அன்றே கீரை தண்டனையாகிவிடும், சாக்லேட் பரிசாகிவிடும்.

படி 3: புதுக் காயைக் கொஞ்சமாக, திரும்பத் திரும்ப

ஒரு காயைக் குழந்தை ஏற்றுக்கொள்ளப் பத்து, பதினைந்து தடவைகூட ஆகலாம். பெரும்பாலான வீடுகளில் மூன்றாவது தடவையிலேயே "இவனுக்கு இது ஆகாது" என்று முடிவு கட்டிவிடுகிறோம். பிடித்த தயிர்சாதத்துக்குப் பக்கத்தில் பீட்ரூட் பொரியல் ஒரு டீஸ்பூன் வையுங்கள், அவ்வளவுதான். முதல் நாள் ஓரமாகத் தள்ளிவிடும். இன்னொரு நாள் ஒரு துண்டை எடுத்துத் தயிரில் இழுத்து, வெள்ளை ரோஸ் நிறமாவதை வேடிக்கை பார்க்கும். திட்டாதீர்கள், பழக்கம் அப்படித்தான் தொடங்கும். கேரட், பூசணி போன்ற இனிப்புக் காய்களில் ஆரம்பியுங்கள். பாகற்காய்க்கு அவசரமில்லை.

படி 4: சமையலில் சேர்த்துக்கொள்ளுங்கள்

முருங்கைக்கீரை உருவுவது, பட்டாணி உரிப்பது போன்ற வேலைகளைக் கொடுங்கள். தான் உரித்த பட்டாணி என்றால் ருசி பார்க்கத் தோன்றும்.

படி 5: வீடு முழுக்க ஒரே சாப்பாடு

செல்போனை அணைத்துவிட்டுச் சேர்ந்து உட்காருங்கள். அப்பா புடலங்காயை ஒதுக்கினால் பிள்ளையும் ஒதுக்கும். தாத்தா பாட்டி பிஸ்கட் வாங்கி வந்தால் சண்டை வேண்டாம். பேரப்பிள்ளைக்கு வாங்கிக் கொடுப்பது அவர்களுக்குப் பெரிய சந்தோஷம். அடுத்த முறை சப்போட்டாவோ வாழைப்பழமோ வாங்கி வரச் சொல்லுங்கள்.

இவற்றையெல்லாம் செய்தும் எடை ஏறவில்லை, முகம் வெளிறியிருக்கிறது, மண்ணோ சாக்பீஸோ தின்கிறது என்றால் வீட்டு வைத்தியம் பார்க்காதீர்கள். இரத்தசோகையாக இருக்கலாம். குழந்தை மருத்துவரிடம் காட்டி ஹீமோகுளோபின் அளவைப் பரிசோதித்துவிடுங்கள்.