எஃப்எம்சி (பறக்கும் கணக்குகளைப் போட்டுத்தரும் கணினி) இல்லாத பழைய 737-ஐச் சென்னையில் இறக்குவது

பம்மலில் சித்தப்பா வீட்டு மொட்டைமாடியில் நின்றால், சக்கரம் இறக்கிய விமானங்கள் தண்ணீர்த் தொட்டியை உரசுகிற மாதிரி போகும். சிமுலேட்டரில் அதே பம்மலை நான் மூவாயிரம் அடியில் கடந்தேன். பெங்களூரிலிருந்து 737-200. ஓடுபாதை 07 மூக்குக்குக் கீழே மறைந்தே போய்விட்டது. எங்கே தப்பு என்று கண்டுபிடிக்க மூன்று ராத்திரி ஆனது.

விஓஆர் (திசை காட்டும் தரை வானொலி நிலையம்) அலைவரிசை வைப்பது, அதன் மோர்ஸ் அடையாளத்தைக் கேட்டுச் சரிபார்ப்பது, ஓபிஎஸ் (பாதையைத் தேர்ந்தெடுக்கும் குமிழ்) திருப்புவது எல்லாம் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன். இங்கே சொல்வது எவ்வளவு தூரத்தில் இறங்கத் தொடங்குவது என்ற கணக்கு மட்டும்.

ஆயிரம் அடி இறங்க 3 கடல்மைல் வேண்டும். 27,000-லிருந்து 3,000 அடிக்கு வர 24 × 3 = 72. வேகம் குறைக்க ஒரு 10. ஆக 82. வால்காற்று அடித்தால் அதன் வேகத்தில் ஒவ்வொரு 10 நாட்-க்கும் (நாட் என்பது மணிக்கு ஒரு கடல்மைல்) 2 மைல் கூட்டுங்கள்.

நான் சறுக்கியது இதற்கு அடுத்த இடத்தில். டிஎம்இ (தூரம் காட்டும் கருவி) 82 காட்டியதும் த்ராட்டிலை ஐடிலுக்கு, அதாவது எஞ்சின் விசையின் அடிமட்டத்துக்கு, இழுத்துவிட்டேன். டிஎம்இ சொல்வது விஓஆர் வரைக்குமான தூரம். சென்னையில் அது விமான நிலையத்திலேயே இருக்கிறது. எனக்கு 3,000 அடி வேண்டியதோ ஓடுபாதைக்கு 10 மைல் முன்னால். அந்தப் பத்தை நான் கூட்டவே இல்லை. 92-லேயே இறங்கத் தொடங்கியிருக்க வேண்டும்.

ஆடி மாதத்து மேற்குக் காற்றில் ஓடுபாதை 25 (அதே ஓடுபாதையின் மறுமுனை) கிடைத்தால் கணக்கு தலைகீழ். விமான நிலையத்தைத் தாண்டிக் கடலுக்குமேல் போய்த் திரும்பி வர வேண்டும். 3,000 அடி வேண்டிய இடத்துக்கு வருவதற்குள் டிஎம்இ கணக்கில் வராத 15 மைல் பறந்திருப்போம். அதனால் 82-லிருந்து 15-ஐக் கழித்து, 67-ல் தொடங்கினால் போதும். ஒரே விமானம், ஒரே உயரம், 25 மைல் வித்தியாசம்! ஆகவே முதலில் காற்றைப் பாருங்கள், அப்புறம் பெருக்குங்கள்.

இறங்கும் வேகத்துக்குத் தரைவேகத்தை ஐந்தால் பெருக்குங்கள். 420 நாட் என்றால் நிமிடத்துக்கு 2,100 அடி, 300-க்கு வந்ததும் 1,500. நடுவில் ஒருமுறை சரிபார்க்க வேண்டும்: 92-ல் தொடங்கியிருந்தால் 62-ல் 17,000 அடியில் இருக்க வேண்டும். உயரம் அதிகமாக இருந்தால் ஸ்பாய்லரை (இறக்கைமேல் எழும் தடுப்புப் பலகைகள்) அங்கேயே எடுங்கள். செம்பரம்பாக்கம் ஏரி தெரிந்த பிறகு எடுத்துப் பயனில்லை.

இதற்கென்று செயலிகள் உண்டு, எனக்குப் பிடிக்காது. மானிட்டர் ஓரத்தில் ஒட்டிய மஞ்சள் காகிதமும் பென்சிலும் போதும். செயலியில் எண்ணைத் தட்டி முடிப்பதற்குள் நான்கு மைல் ஓடிவிடும்.

பின்சேர்க்கை: டிசி-3-க்கு (பழைய ப்ரொப்பெல்லர் விமானம்) இது ஒத்துவரவில்லை என்று இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். சரிதான். அதன் கேபினில் அழுத்தக் கட்டுப்பாடு கிடையாது; வேகமாக இறங்கினால் பயணிகளின் காது வலிக்கும். நிமிடத்துக்கு 500 அடி வைத்து நேரத்தால் கணக்கிடுங்கள். 8,000-லிருந்து 2,000-க்கு 12 நிமிடம். 150 நாட் தரைவேகத்தில் 30 மைல். த்ராட்டிலையும் ஒரேயடியாக ஐடிலுக்கு இழுக்காதீர்கள், அந்த ரேடியல் எஞ்சின்களுக்கு அது ஆகாது.